அப்பா எழுதிய கருணை மனு

என் இடது முழங்கால் மடங்காது. சமதரையில் நடந்தால் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் கொடைக்கானலில் சமதரைக்கு எங்கே போவது? அட்டுவம்பட்டியில் எங்கள் வீடு ரோட்டை விட்டு முப்பத்தாறு படி கீழே இருக்கிறது. ஓரத்துச் சுவரைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவேன். மழைக்குப் பாசி பிடித்திருந்தால் உட்கார்ந்தபடியே இறங்குவேன். எனக்கு வயது இருபத்துநான்கு. முதியோர் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டு அம்மா என்னை முந்திக்கொண்டு போவார். போகிற போக்கில் ‘பாத்து வாப்பா’ என்பார். பிடித்துத் தள்ளிவிடலாமா என்று பலநாள் தோன்றியிருக்கிறது.

இந்தக் கால் ராணுவப் பயிற்சியில் போனது. அப்படிப் போனால் நஷ்டஈடு உண்டு. பணியினால் ஏற்பட்ட காயம் என்று மருத்துவக் குழு எழுதினால் கிடைக்கும். பணியில் சேரும் முன்பே இருந்த கோளாறு என்று எழுதினால் கிடைக்காது, வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அந்த வரியை எனக்கு எதிராக எழுதவைத்தவர் என் அப்பா.

அப்பா ஒரு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சமையல்காரர். வாழ்க்கையில் அவர் எதையும் உரிமை என்று கேட்டு வாங்கியதில்லை. எல்லாமே மனு. என் பள்ளிக் கட்டணச் சலுகைக்கு மனு, வீட்டுக்குக் கரண்ட் இழுக்க மனு, அம்மாவின் ஆபரேஷனுக்கு மனு. மனு கொடுக்கப் போவதற்கென்றே முழங்கை கிழிந்த ஸ்வெட்டர் ஒன்று வைத்திருந்தார். நல்ல ஸ்வெட்டர் பெட்டிக்குள் கிடக்கும். அதிகாரி உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். கஷ்டத்தை உள்ளபடி சொல்லவும் மாட்டார். அம்மாவுக்கு வந்தது சாதாரணக் கட்டி. மனுவில் அது புற்றுநோய். “கொஞ்சம் கூட்டிச் சொன்னாத்தான்லே பேனாவ எடுப்பாங்க” என்பார். அதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. சர்ச்சில் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தவறாமல் போகிறவர்தான். ஆனால் மனுக்களைப் பற்றிச் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, மலைக்குக் கீழே நடந்த ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனேன். மலையில் ஓடி வளர்ந்தவனுக்கு அந்த மைதானம் ஒரு பொருட்டே இல்லை. கீழ்நாட்டுப் பையன்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடி முடித்து, நின்று வேடிக்கை பார்த்தேன். டாக்டர்கள் முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள், குத்தவைக்கச் சொன்னார்கள், வாத்து மாதிரி நடக்கச் சொன்னார்கள். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். ஊருக்கு வந்து ஒரு மாதம் நான் அடித்த பந்தாவை இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பயிற்சி வடக்கே. ஐந்தாவது மாதம், முதுகில் மூட்டையோடு ஆறடிச் சுவரைத் தாண்டிக் குதித்தபோது இடது கால் வேறு பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே ஏதோ கிழிந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்போம். உஸ்தாத் வந்து பார்த்தார், எழுந்து நில் என்றார். நின்றேன். நின்றுவிட்டாயே, அப்புறம் என்ன, ஓடு என்றார். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள், வலிமாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து நடிக்கிறான் என்றார்கள். நடிப்பவனுக்குத் தண்டனை இன்னும் ஓடுவது. மூன்று வாரம் அந்தக் காலோடு ஓடினேன். பிந்தினால் என் அறையில் இருந்த எல்லோரையும் சேர்த்து ஓடவிட்டார்கள். அதனால் அவர்களும் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் என் தட்டில் துப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருவார்கள். மூன்றாவது ஞாயிறு வீட்டுக்குப் பேசியபோது அழுதுவிட்டேன். அப்பா பயந்துபோனார். மறுநாளே எங்கள் சர்ச் பங்கில் இருந்த ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியாரிடம் போய் உட்கார்ந்து, தான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதவைத்து, பயிற்சி நிலையத்தின் பெரிய அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். கடிதம் போனது எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் திடீரென்று என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, பேண்ட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மனிதர்கள் கடைசியில் மனிதர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. உள்ளே சீழ் பிடித்தது. மறுபடி திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ஏழு மாதம் படுக்கையில் இருந்தேன். கடைசியில் கால் மடங்காமல் அப்படியே நின்றுவிட்டது. மருத்துவக் குழு முன்னால் போய் நின்றேன், மூன்று டாக்டர்கள். சேர்வதற்கு முன்பு இந்தக் காலில் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவரின் கையெழுத்து.

மிகத் தாழ்மையுடன் பாதம் பணிந்து என்று ஆரம்பித்தது. என் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் பலவீனம். ஏழு வயதில் கூக்கால் கிராமத்தில் கேரட் மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து அந்த முழங்கால் மேலும் கெட்டுப்போனது. ஏழைத் தகப்பனுக்கு இரங்கி அவனை ஓடவிடாமல் காப்பாற்ற வேண்டும். கீழே அப்பாவின் கையெழுத்து.

கூக்காலில் நான் விழுந்தது உண்மை. மாமா தோட்டத்துக்கு லீவுக்குப் போனபோது வண்டியிலிருந்து விழுந்தேன். உடைந்தது பல். முழங்காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதை என் அரைகுறை இந்தியில் சொன்னேன். முழங்காலைத் தட்டிப் பார்த்துத்தானே சேர்த்தீர்கள் என்றும் சொன்னேன். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், மறைத்துச் சேர்ந்திருக்கிறாய் என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. முன்பே இருந்த கோளாறு, பணிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றிருந்தார். பையை வாங்க வந்தார், கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே கேட்டேன், எதற்காக அப்படி எழுதினீர்கள் என்று. அவர் முகத்தில் பெருமைதான் வந்தது.

“அந்த லெட்டரு போகப்போயித்தாம்லே உன்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. இல்லன்னா கால எடுத்திருப்பாங்க.”

அது உண்மைதான். அந்த உண்மைக்காகவே அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன். ஒரு காயத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதவர்கள், ஒரு பொய்யைப் படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை வடக்கே இருப்பவர்களிடம் காட்ட முடியாது. அப்பா பக்கத்தில் இருந்தார்.

மேல்முறையீடு செய்தேன். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தகப்பனார் எழுதிய கடிதத்தில் உள்ளது உண்மையா இல்லையா என்று அவரிடமே நேரில் வாக்குமூலம் வாங்க வேண்டும், கீழே இன்ன அலுவலகத்தில் இன்ன அதிகாரி முன்பு ஆஜராக வேண்டும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அப்பா அங்கே போய், அது நான் பயத்தில் சொன்ன பொய் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். காலுக்குத்தான் வழியில்லை, வாழ்க்கைக்காவது ஒரு வழி பிறக்கும். இதை அவருக்குச் சொன்னேன். சொல்லிட்டாப் போச்சு என்றார். அவர் அப்படி லேசாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து பதினொரு நாள், அவர் டூட்டி முடிந்து வந்ததும் ஒத்திகை. முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வேன். நான் அதிகாரி. அவர் பழக்கதோஷத்தில் எழுந்து எழுந்து நிற்பார், உட்காருங்கள் என்று அதட்டுவேன்.

“இந்த லெட்டர் நீங்க எழுதுனதா?”

“ஆமாங்கய்யா.”

“இதுல இருக்கது உண்மையா?”

“பொய்ங்கய்யா.”

“யாரு சொன்ன பொய்?”

“நான் சொன்ன பொய்ங்கய்யா.”

மூன்றாவது கேள்வியை எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. அது நானாகச் சேர்த்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டு பிடிப்பவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து மகனைப் பார்த்து ‘நான் சொன்ன பொய்ங்கய்யா’ என்று சொல்வதைக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. சத்தமாச் சொல்லுங்க என்பேன். சில நாள் ஐந்து தடவை, ஆறு தடவை சொல்லவைத்தேன். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

போகவேண்டிய நாளில் வெள்ளனே கிளம்பினோம். நல்ல ஸ்வெட்டரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் போடச் சொன்னேன், போட்டுக்கொண்டார். பஸ்ஸில் காலை நீட்ட இடம் வேண்டும் என்று கண்டக்டரிடம் மிலிட்டரியில் அடிபட்ட பையன் என்று கெஞ்சி முன்சீட்டு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டே, இனி யாரிடமும் கெஞ்சாதீர்கள் என்று அவரைத் திட்டினேன். காட்ரோட்டின் மலை வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, மூன்று கேள்விக்கும் பதிலை அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அதிகாரி ஓய்வுபெற்ற ராணுவக்காரர், தமிழர், நல்ல மனிதர். அவர் முரடராக இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். எழுந்து வந்து அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என் காலைப் பார்த்துவிட்டு, வலி இருக்கிறதா தம்பி என்று கேட்டார். பிறகு கடிதத்தின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு அப்பாவைக் கேட்டார். அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார். கடிதம் என்னுடையது, அதில் இருப்பது பொய். கேட்காத மூன்றாவது கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார், “நான் சொன்ன பொய்ங்கய்யா.” அதிகாரி நிமிர்ந்து அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நாலே வரி எழுதினார். வாசித்துக் காட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு இல்லை என்றார். முடிந்தது. நான் எழுந்துவிட்டேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அப்பாவின் தோளில் கையைப் போடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்பா எந்த ஆபீசிலும் உள்ளே இருக்கும்போது கடைசி வார்த்தையைச் சொல்ல மாட்டார். வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, கும்பிட்டு, ஒன்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். அதிகாரி மனதில் அதுதான் தங்கும் என்பது அவர் கணக்கு. பதினொரு நாள் ஒத்திகையில் நாற்காலியோடு நிறுத்திவிட்டேனே தவிர, வாசலை நான் யோசிக்கவில்லை. அங்கே திரும்பி நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“அய்யா, உங்கள தெய்வமா நெனச்சுக் கேக்குறேன். பையனுக்குச் சின்னப் புள்ளையிலருந்தே அந்தக் காலு சரியில்லங்கய்யா. கூக்கால்ல வண்டியிலருந்து விழுந்தவன். நீங்கதான் பாத்துச் செய்யணும்.”

அதிகாரி மூடிய பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். ‘அப்பா’ என்று நான் அதட்டினேன். அதிகாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“பெரியவரே, இப்பத்தான் அது பொய்யின்னு கையெழுத்துப் போட்டீங்க.”

“அதுவும் உண்மதாங்கய்யா, இதுவும் உண்மதாங்கய்யா.”

“நீங்க சொன்னதுக்கப்புறம் நான் எழுதாம இருக்க முடியாது. எழுதித்தான் ஆகணும்.”

“நல்லா எழுதுங்கய்யா” என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

வெளியே டீக்கடையில் எனக்கு டீயும் பன்னும் வாங்கிவந்து கொடுத்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. மொதல்ல நாலு வரிதான் எழுதுனாரு, கால் கதையச் சொன்ன பொறகுதான் ஒரு பக்கம் எழுதுனாரு, கவனிச்சியா என்று கேட்டார். கவனித்தேன் என்றேன். அவர் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிடவில்லை. வத்தலக்குண்டு தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அவரோ பக்கத்துச் சீட்டுக்காரரிடம், பையனுக்கு ராணுவத்துப் பணம் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

உத்தரவு மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது. அன்றைக்கு அப்பா சாயங்கால டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா பட்டர்பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே படித்து முடித்தேன். தள்ளுபடி. தள்ளுபடி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்திருக்கலாம். அரசாங்கம் இப்படித்தான் என்று அப்பா நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பார். ஆனால் அவருக்குத் தெரியவேண்டும் என்று விரும்பினேன். உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மனுதாரரின் தகப்பனார், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தானாகவே திரும்பி வந்து, சிறுவயதிலிருந்தே கால் சரியில்லை என்று உறுதிப்படுத்தினார். அதற்கு முன் அவர் சொன்ன மறுப்பு, சொல்லிக்கொடுத்துச் சொன்னதாகத் தெரிகிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

“கால் சரியில்லன்னு யாரு சொன்னது?” என்றேன்.

அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“நான் சொன்னதுங்கய்யா” என்றார். மகனிடம் பேசுகிறோம் என்பது அவருக்கு அந்த நேரம் மறந்துபோயிருந்தது.

அம்மா பீன்ஸ் முறத்தைத் தரையில் தள்ளிவிட்டு எழுந்தார். அதுவரை அவர் இந்த விஷயத்தில் வாயே திறந்ததில்லை.

“நீதானடா போன்ல அழுத? என்ன வேணும்னாலும் எழுதிப் போடுங்க, பொறவி நொண்டின்னுகூட எழுதிப் போடுங்க, என்னைய இங்கருந்து எடுத்துவிட்ருங்கன்னு கதறுனது நீதானடா? ஸ்பீக்கர்ல போட்டு நானுந்தான கேட்டேன்.”

அப்படித்தான் சொன்னேன். எனக்கு மறக்கவில்லை, ஒருநாளும் மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவரைக் கேள்வி கேட்டபோது ஞாபகம் இருந்தது. பதினொரு நாள் ஒத்திகையிலும் ஞாபகம் இருந்தது. என்னைப் போலவே அப்பாவுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. நீ சொல்லித்தானே எழுதினேன் என்ற மூன்று வார்த்தையை அவர் என்னிடமும் சொல்லவில்லை, அந்த அதிகாரியிடமும் சொல்லவில்லை.

“ஏய், விடு. வலியில கெடந்தவன் ஆயிரம் சொல்லுவான்” என்று அம்மாவை அடக்கினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அவரைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். முப்பத்தாறு படி ஏறுவதற்கு அவருக்கு நேரமாகும், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை. அதன்பிறகு எத்தனையோ நாள் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாயிற்று. இன்றுவரை அவரிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.